இரு உலகப் போர்களுக்கு இடையே ஒரு காலாட்படைக்கு ஆயுதம் தேர்ந்தெடுப்பது எப்படி? போலந்தை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

1918 நவம்பரில் போலந்து மறுபடியும் ஒரு நாடாக எழுந்தபோது, அதன் சிப்பாய்கள் தூக்கி நடந்த ரைஃபிள்களைக் கணக்கெடுத்தால் உலகின் பெரிய ராணுவங்கள் எல்லாம் வந்துவிடும். ஜெர்மானிய மௌசர், ஆஸ்திரிய மான்லிக்கர், ருஷ்ய மோசின், பிரான்ஸில் திரண்ட போலந்துப் படையான ஹாலரின் நீலப்படை அடுத்த வருடம் கொண்டுவந்த லெபெல், பெர்த்தியே. போதாததற்கு லீ-என்ஃபீல்டும் ஜப்பானிய அரிசாகாவும். ஒவ்வொன்றுக்கும் தனித் தோட்டா. ஒரு கம்பெனிக்குப் போக வேண்டிய பெட்டி பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால் இரண்டு கம்பெனியும் சுட முடியாது.

இந்தக் குழப்பத்திலிருந்து இருபதே வருடத்தில் ஒரு சீரான காலாட்படையை அந்த நாடு உருவாக்கியது. எங்கே சரியாகத் தேர்ந்தெடுத்தது, எங்கே சறுக்கியது என்று வரிசையாகப் பார்த்தால், 1920களிலும் 30களிலும் எந்தப் படைக்கும் ஆயுதப் பட்டியல் போடும் முறை பிடிபட்டுவிடும். அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுபவர்கள், போர் விளையாட்டுக்குப் படை அடுக்குபவர்கள், ராணுவ வரலாறு படிக்கும்போது "இதை ஏன் வாங்கினார்கள்?" என்று நின்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

பெரும்பாலானவர்கள் துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை தலைகீழானது. முதலில் தோட்டா, அடுத்து அதைச் செய்யும் இயந்திரம், அதற்கப்புறம்தான் துப்பாக்கி.

முதல் படி: தோட்டாவை முடிவு செய்யுங்கள்

ஒரு படையின் ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கனரக இயந்திரத் துப்பாக்கி மூன்றும் ஒரே தோட்டாவைச் சுட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

போலந்து 1920களின் தொடக்கத்தில் ஜெர்மானிய 7.92 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. பிரான்ஸ்தான் அதன் நெருங்கிய கூட்டாளி, கடனும் ஆயுதமும் அங்கிருந்துதான் வந்தன. பிரான்ஸின் 8 மில்லிமீட்டர் லெபெலை எடுத்திருந்தால் கூட்டாளிக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் லெபெல் தோட்டாவின் அடியில் அகலமான விளிம்பு உண்டு, உடல் கூம்பு மாதிரி சரியும். அதை மேகசினில், அதாவது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டியில், அடுக்கினால் நேராக நிற்காது. அந்தத் தோட்டாவுக்காகச் செய்த ஷோஷா இலகு இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் அரைவட்டமாக வளைந்திருந்ததற்கு இதுதான் காரணம். மௌசர் தோட்டாவுக்கு வெளிநீட்டிய விளிம்பு இல்லை. மேகசினிலும் பெல்ட்டிலும் அடம்பிடிக்காமல் நகரும்.

விளிம்புத் தோட்டாவை விடமுடியாதவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். என்.சி.சி.யில் 303 ரைஃபிளைத் தோளில் வைத்து நடந்தவர்களுக்கு அந்தத் தோட்டா தெரியும், அடியில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு விளிம்பு. செக் நாட்டின் 7.92 துப்பாக்கியை பிரிட்டன் 303-க்கு மாற்றி பிரென் என்று எடுத்துக்கொண்டபோது, நேராக இருந்த மேகசின் வளைந்த மேகசினாக மாறியது. 30 தோட்டா கொள்ளும் அதில் இரண்டு மூன்று குறைத்துப் போடுவதே சிப்பாய்களின் வழக்கமாகிவிட்டது.

பழைய தோட்டாவை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்தால், மாற்றம் முடிய எத்தனை வருடம் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரான்ஸ் புதிய 7.5 மில்லிமீட்டர் தோட்டாவை 1924-லேயே தொடங்கியது. முதல் தோட்டாவின் நீளம் மௌசர் தோட்டாவோடு குழம்பி விபத்துகள் நடந்ததால், 1929-ல் அதைக் குட்டையாக்கி மறுபடி வெளியிட்டது. அதற்கான புது ரைஃபிள் 1936-ல்தான் வந்தது. இத்தாலி இன்னும் மோசம். 1938-ல் 6.5-லிருந்து 7.35-க்குத் தாவியது, போர் வாசலில் நின்றபோது மறுபடி 6.5-க்கே திரும்பியது. கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு வேறொரு 8 மில்லிமீட்டர் தோட்டா. சில கம்பெனிகள் சேர்ந்த ஒரு பட்டாலியனுக்குள் எத்தனை வகைப் பெட்டி என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் கேரண்ட் ரைஃபிளைச் சிறிய 0.276 அங்குலத் தோட்டாவுக்குச் செய்ய எல்லாம் தயாராக இருந்தது. 1932-ல் ராணுவத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் அதை நிறுத்தி, கிடங்கில் இருக்கும் பழைய 0.30 தோட்டாவையே சுடும்படி செய்யச் சொன்னார். அது மட்டமான முடிவு என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1936-ல் ரைஃபிள் ஏற்கப்பட்டபோது அதற்கான தோட்டா ஏற்கெனவே மலையாகக் குவிந்திருந்தது.

இரண்டாவது படி: இயந்திரமும் இடமும்

1920 கோடையில் சோவியத் படை வார்சாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது டான்சிக் துறைமுகத் தொழிலாளர்கள் போலந்துக்கு வந்த வெடிமருந்துக் கப்பலை இறக்க மறுத்தார்கள். செக்கோஸ்லோவாக்கியா தன் ரயில்பாதையைக் கொடுக்கவில்லை. ஹங்கேரி அனுப்பிய தோட்டா ருமேனியாவைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. வெளியிலிருந்து வாங்கும் நாடு போர் நடுவில் எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதனால் போலந்து உள்நாட்டுத் தயாரிப்பில் இறங்கியது. டான்சிக்கில் இருந்த பழைய பிரஷ்ய ரைஃபிள் தொழிற்சாலையின் இயந்திரங்கள் போருக்குப் பின் போலந்தின் பங்காக வந்தன, வார்சாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. மௌசர் ரைஃபிள் செய்யும் இயந்திரம் வீட்டுக்குள் வந்து நிற்கும்போது மௌசர் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு இயல்பானது பாருங்கள். முதல் படியும் இரண்டாவது படியும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அடுத்து இடம். மேற்கே ஜெர்மனி, கிழக்கே சோவியத் யூனியன். இரண்டு எல்லையிலிருந்தும் தள்ளி, நாட்டின் நடுவே, ராடோமில் ரைஃபிள் தொழிற்சாலையும் ஸ்கார்ஷிஸ்கோவில் தோட்டாத் தொழிற்சாலையும் எழுப்பினார்கள். உங்கள் பட்டியலில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எதிரே, அது எந்த ஊரில் தயாராகும், அந்த ஊர் எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த ஆயுதம் உங்களுடையதல்ல.

உரிமம் வாங்குவதாக இருந்தால் காலத்தையும் கணக்கில் சேருங்கள். பிரென் துப்பாக்கிக்கு பிரிட்டன் 1935 மே மாதம் ஒப்பந்தம் போட்டது. என்ஃபீல்டு தொழிற்சாலையிலிருந்து முதல் துப்பாக்கி 1937 செப்டம்பரில் வெளிவந்தது. வரைபடம் முழுதும் கையில், பழுத்த தொழிலாளர்கள், பணக்கார நாடு. அப்படியிருந்தும் இரண்டு வருடத்துக்கு மேல்.

மூன்றாவது படி: ரைஃபிள்

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். அந்தக் காலத்துத் திருகுபூட்டு ரைஃபிள்கள் (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பூட்டைக் கையால் திருகி இழுக்க வேண்டியவை) எல்லாம் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்தன. 4 கிலோ எடை, ஐந்து அல்லது பத்துத் தோட்டா, 300 மீட்டரில் மனிதனை அடிக்கும் துல்லியம். போலந்தின் 1929 மாடல் 1.1 மீட்டர் நீளமுள்ள குட்டை மௌசர், நல்ல ரைஃபிள், அவ்வளவுதான். பழைய ரைஃபிள் கிடங்கில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சப் பணத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். தானியங்கி ரைஃபிள் ஆசை எல்லா நாட்டுக்கும் இருந்தது. போலந்திலும் துப்பாக்கி வடிவமைப்பாளர் மரோஷெக் ஒன்றை வடிவமைத்தார். போருக்குள் மிகச் சிலவே தயாராயின.

நான்காவது படி: இலகு இயந்திரத் துப்பாக்கி

படையின் உயிர்நாடி இங்கேதான். கம்பெனிக்குள் இருக்கும் சிறு குழுவான செக்ஷன் சுடும் தோட்டாக்களில் பெரும்பங்கு இந்த ஒரு துப்பாக்கியிலிருந்து போகிறது. மற்றவர்கள் அதற்குத் தோட்டா சுமக்கிறார்கள், அதைக் காக்கிறார்கள், அது எதிரியைத் தலைகுனிய வைக்கும்போது முன்னேறுகிறார்கள். போலந்துச் செக்ஷனில் 19 பேருக்கு ஒன்று.

தேர்வில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

குழலைச் சண்டைக்கு நடுவே கழற்றி மாற்ற முடியுமா? தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும். செக் நாட்டின் வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த 1926 மாடலில் கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் குழல் கையோடு வந்துவிடும், அடுத்ததைச் சொருகிச் சுடலாம். போலந்து தேர்ந்தெடுத்த 1928 மாடல் பிரவுனிங்கில் அந்த வசதி இல்லை. அமெரிக்கர் ஜான் பிரவுனிங் 1918-ல் செய்த தானியங்கி ரைஃபிளை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் மெருகேற்றியது. போலந்து அங்கிருந்து 10,000 வாங்கி, உரிமத்தையும் வாங்கி வார்சாவில் தயாரித்தது. நம்பகமான துப்பாக்கி, சுமக்கவும் எளிது. ஆனால் சூடேறினால் சுடுபவர் காத்திருக்க வேண்டியதுதான்.

மேகசின் எங்கே இருக்கிறது? மேலே இருந்தால் தரையோடு தரையாகப் படுத்தபடி பக்கத்தில் இருப்பவரே மாற்றிவிடலாம். பிரவுனிங்கில் அது கீழே. 20 தோட்டா மூன்று வினாடிக்குள் தீரும், ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைச் சாய்த்து அடியிலிருந்து மாற்ற வேண்டும். இத்தாலியின் பிரெடா 1930 மாடலில் மேகசின் துப்பாக்கியோடு நிலையாகப் பொருத்தியது. அதைத் திறந்து பட்டையிலிருந்து தோட்டாவைத் தள்ளி நிரப்ப வேண்டும், போதாக்குறைக்கு ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் பூச ஒரு அமைப்பு. லிபியப் பாலைவனத்து மணலில் அந்த எண்ணெய் என்னவாகும்?

சேறும் பனியும் தாங்குமா? ஷோஷா மேகசினின் பக்கவாட்டில், எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க ஜன்னல் விட்டிருந்தார்கள். பதுங்குகுழிச் சேறு அதே ஜன்னல் வழியாக உள்ளே போனது. ஃபின்லாந்தின் லாத்தி-சலோரந்தா 1926 மாடல் துல்லியமானது, ஆனால் நுணுக்கம் கூடியதால் கடுங்குளிரில் அடம்பிடித்தது. சோவியத் வீரர்களிடமிருந்து பறித்த தெக்தியாரெவ் இலகு இயந்திரத் துப்பாக்கி கிடைத்தால் ஃபின்லாந்துச் சிப்பாய்கள் சந்தோஷமாக மாறிக்கொண்டார்கள்.

என் தேர்வு எது என்று கேட்டால் தயங்காமல் செக் துப்பாக்கிதான். பிரிட்டிஷ் இந்தியப் படை 1933-லேயே விக்கர்ஸ்-பெர்த்தியேவைத் தேர்ந்தெடுத்து வங்காளத்தின் இஷாப்பூரில் தயாரிக்கத் தொடங்கியது. அதுவும் மேல் மேகசின், மாற்றக்கூடிய குழல் கொண்டதுதான். இரண்டாவது இடம் அதற்கு.

ஐந்தாவது படி: கனரக இயந்திரத் துப்பாக்கி

இங்கே பழமையே நல்லது. தண்ணீர் உறைக்குள் 4 லிட்டர் தண்ணீர், துணிப் பெல்ட்டில் தோட்டா, கனத்த முக்காலி. மாக்ஸிம், விக்கர்ஸ், பிரவுனிங் எதுவாக இருந்தாலும் மணிக்கணக்கில் சுடும்.

போலந்து இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1917 மாடல் பிரவுனிங்குக்குப் போலந்தில் யாரும் காப்புரிமை பதிந்து வைக்கவில்லை. அதைக் கவனித்தவர்கள் உரிமத் தொகை கொடுக்காமலே தாங்களாக அளந்து, வரைந்து, 7.92-க்கு மாற்றி 1930 மாடல் என்று தயாரித்தார்கள். பட்டாலியனுக்கு 12. விமானத்தை நோக்கியும் உயர்த்திச் சுடும்படி முக்காலி அமைத்தார்கள்.

தோட்டாவில் ஒரு நுட்பம் உண்டு. ரைஃபிளுக்குப் போதுமான இலேசான குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) கனரக இயந்திரத் துப்பாக்கிக்குப் போதாது. தொலைதூரத்தில் வேகம் செத்துவிடும். பின்புறம் படகு போலக் குறுகும் கனமான குண்டைப் போட்டால் அதே துப்பாக்கி கூடுதலாக ஆயிரம் மீட்டருக்கு மேல் எட்டும். விக்கர்ஸ் அப்படித்தான் 4 கிலோமீட்டரை எட்டியது. ஆகவே தோட்டாவின் வெளி அளவு ஒன்றாக இருக்கட்டும், உள்ளே போடும் குண்டில் இரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: மோர்ட்டார்

நேராகச் சுடும் துப்பாக்கி மேட்டுக்குப் பின்னால் படுத்திருப்பவனைத் தொடாது. ரைஃபிள் முனையில் கோப்பை மாட்டி எறிகுண்டு விடுவது பழைய வழி, இருநூறு மீட்டருக்குள் தீர்ந்துவிடும். குண்டை உயர எறிந்து மேலிருந்து விழவைக்கும் மோர்ட்டார் அதற்கு மேல் போகும்.

முதலில் பெரியதைப் பேசுவோம். 1915-ல் வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் செய்தது மிக எளிய பொருள். வழவழப்பான ஒரு குழாய், அடித்தட்டு, இருகால் தாங்கி. வாய்வழியாகக் குண்டைப் போட்டால் அது சறுக்கி அடியிலுள்ள ஊசியில் மோதி, தானே கிளம்பும். பிரான்ஸின் எட்கர் பிராண்ட் அதற்குத் துளி வடிவக் குண்டும் வால் இறகுகளும் கொடுத்தார். 81 மில்லிமீட்டர், மொத்தம் 60 கிலோ, மூன்று பேர் பிரித்துச் சுமக்கலாம், மூன்றேகால் கிலோ குண்டு. 1930களில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் இதை வாங்கின அல்லது பார்த்துச் செய்தன. நீங்களும் இதையே எடுங்கள். போலந்தும் 1931 மாடலாக இதை உரிமத்தோடு தயாரித்தது.

சின்ன மோர்ட்டாரில்தான் நாடுகள் ஆளுக்கொரு திசையில் போயின. ஜப்பானின் 1929-ஆம் வருட 50 மில்லிமீட்டர் மாடல் 4.7 கிலோதான். 670 மீட்டர் வரை எட்டும், சாதாரணக் கைக்குண்டையும் அதிலேயே போட்டு எறியலாம். குழலின் கோணத்தை மாற்றாமல், உள்ளே குண்டு உட்காரும் உயரத்தை ஒரு திருகால் மாற்றித் தூரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வளைந்த அடித்தட்டைப் பார்த்து எதிரிகள் அதை முழங்கால் மோர்ட்டார் என்று அழைத்தார்கள். தொடையில் வைத்துச் சுட்டால் எலும்பு முறியும், தரையில்தான் ஊன்ற வேண்டும். பிரிட்டனின் இரண்டு அங்குல மோர்ட்டார் ஸ்பெயினின் எசியா நிறுவன வடிவத்திலிருந்து பிறந்தது. ஏறத்தாழ 5 கிலோ எடை, ஒரு கிலோ குண்டு, 460 மீட்டர். புகைக்குண்டு போட்டுத் திரை விரிக்க அருமையானது.

மறுபக்கம் பாருங்கள். ஜெர்மனியின் 1936 மாடல் 50 மில்லிமீட்டருக்கு 14 கிலோ எடை, ஏகப்பட்ட சன்னமான திருகுகள், எறிவதோ 0.9 கிலோ குண்டை 500 மீட்டர் சுமாருக்கு. இத்தாலியின் பிரிக்ஸியா 15 கிலோவைத் தாண்டும், குண்டு அரைக் கிலோகூட இல்லை. இந்த எடையைத் தூக்கிக்கொண்டு வயலில் ஓடுபவரை நினைத்தால் மனம் கனக்கிறது.

போலந்தின் 1936 மாடல் 46 மில்லிமீட்டர் இரண்டுக்கும் நடுவில். குழல் 45 பாகை கோணத்தில் நிலையாக நிற்கும். வெடிவாயுவில் எவ்வளவு வெளியே விடுவது என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கும், அதைத் திருப்பி 100 முதல் 800 மீட்டர் வரை குறிவைக்கலாம். எடை 12 கிலோ சொச்சம், குண்டு முக்கால் கிலோ. நல்ல தூரம், ஆனால் குண்டின் வேலை ஒரு பெரிய கைக்குண்டின் வேலைதான்.

இங்கேதான் போலந்துப் பட்டியலின் உண்மையான ஓட்டை. 1939-ல் மூன்று பட்டாலியன் கொண்ட ஒரு போலந்து ரெஜிமென்ட்டில் 27 சிறிய மோர்ட்டார், ஜெர்மானிய ரெஜிமென்ட்டிலும் 27. சமம்தான். 81 மில்லிமீட்டரில் ஜெர்மானியர்களிடம் 18, போலந்திடம் 6. ஒரு பட்டாலியனுக்கு வெறும் இரண்டு! ஒன்றை முன்னே நகர்த்தினால் சுட ஒன்றுதான் மிச்சம். அடிப்படையில் அது ஒரு குழாய். விமானமோ டாங்கியோ மாதிரி பெரிய தொழில் கேட்காது. பணம் குறைந்த நாடு முதலில் பெருக்க வேண்டிய ஆயுதமே அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டாலியனுக்கு ஆறுக்குக் குறையாமல் எழுதுங்கள். அதற்காகச் சிறிய மோர்ட்டாரில் கை வைக்க நேர்ந்தால் வையுங்கள்.

சிறியதும் வேண்டும், வலுவும் வேண்டும் என்றால் பிராண்ட்டின் 1935 மாடல் 60 மில்லிமீட்டரைப் பாருங்கள். 20 கிலோவுக்குள் எடை, 1.3 கிலோ குண்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் எட்டும். அமெரிக்கா அதையே எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

ஏழாவது படி: மிச்சமுள்ளவை

கைத்துப்பாக்கிக்குப் பெரிய யோசனை வேண்டாம். ராடோமில் செய்த விஸ் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைத்துப்பாக்கிகளில் ஒன்று, ஆனால் கைத்துப்பாக்கியால் எந்தச் சண்டையும் தீரவில்லை.

கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சப்-மெஷின் துப்பாக்கியைத் தள்ளிவிடாதீர்கள். பிரிட்டன் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு 1940-ல் விலையுயர்ந்த தாம்ஸனை அவசரமாக வாங்கியது. போலந்தின் சொந்த மாடலான மோர்ஸ் மாதிரித் துப்பாக்கிகளோடு நின்றுபோனது. ஃபின்லாந்தில் ஐமோ லாத்தி செய்த சுவோமி, 1939-ல் சோவியத் யூனியனோடு குளிர்காலப் போர் தொடங்கும்போது 4,000 சுமாரே இருந்தது. அடர்ந்த காட்டில் 71 தோட்டா டிரம்மோடு அது என்ன செய்தது என்பதைச் சோவியத் படை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டது. உங்கள் நாட்டில் காடும் ஊரும் அதிகமென்றால் செக்ஷனுக்கு ஒன்று.

எட்டாவது படி: முதுகில் ஏற்றிப் பாருங்கள்

தாளில் எல்லாம் இலேசாக இருக்கும். ஒரு செக்ஷனின் பெயர்ப்பட்டியல் எழுதி, யார் எதைச் சுமக்கிறார் என்று கிலோக் கணக்கில் போடுங்கள். ஆயிரம் மௌசர் தோட்டா 25 கிலோ. 46 மில்லிமீட்டர் குண்டு 20 என்றால் 15 கிலோ. 81 மில்லிமீட்டர் குண்டு 20 என்றால் 65 கிலோ, அதற்குக் குதிரையோ வண்டியோ வேண்டும், குதிரைக்குத் தீவனம் வேண்டும். ஒரு மோர்ட்டார் நிமிடத்துக்கு 15 குண்டு விட முடியும் என்று பெருமையாக எழுதுவோம். அந்த வேகத்தில் சுமந்து வந்தது இரண்டு நிமிடம் தாங்காது. ஆயுதத்தைக் கூட்டும்போதெல்லாம் வண்டியையும் கூட்டாத பட்டியல் முதல் நாளே நின்றுவிடும்.

ஒன்பதாவது படி: சுடப்போகிறவர் கையில் கொடுங்கள்

போலந்திடம் 1935 மாடல் டாங்கி எதிர்ப்பு ரைஃபிள் ஒன்று இருந்தது. மரோஷெக் வடிவமைத்தது, 10 கிலோ சுமார், 7.92 மில்லிமீட்டர் குண்டைப் பெரிய தோட்டாவிலிருந்து விநாடிக்கு 1,200 மீட்டருக்கு மேல் வேகத்தில் அனுப்பும். அன்றைய இலகு டாங்கிகளின் கவசத்தைத் துளைக்கக்கூடியது, ஒரு கம்பெனிக்கு மூன்று. எதிரிக்குத் தெரிந்தால் கவசத்தைத் தடிமனாக்கிவிடுவான் என்ற பயத்தில் உருகுவே நாட்டுக்கு ஏற்றுமதிக்கானது என்று பெயர் பரப்பி, முத்திரையிட்ட பெட்டிகளில் கிடங்குக்குள்ளேயே வைத்தார்கள். 1939 கோடையில்தான் பெட்டிகளைத் திறக்க உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கில் தயாரித்து வைத்திருந்த நல்ல ஆயுதம். அதைச் சுடப்போகிற சிப்பாய்களில் பெரும்பாலானோர் போருக்குச் சில வாரம் முன்புதான் கண்ணால் பார்த்தார்கள்.

ஆகவே கடைசி வரிசையில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எதிரே இரண்டு எண் எழுதுங்கள். படைக்கு அது எந்த வருடம் போய்ச் சேர்ந்தது. சுடுபவருக்கு வருடத்துக்குப் பயிற்சித் தோட்டா அல்லது குண்டு எத்தனை. இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் மேலே போய் எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று மறுபடி பாருங்கள். ரைஃபிள் படியிலிருந்து தொடங்கலாம்.